நாலாம் மணி

பெற்றோல் வரிசை உவர்மலை ஏற்றம் வரை நீண்ட மாதம்.
நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடம் குடாவின் அந்தக் கரையில்.
நான் இந்தக் கரையில்.
தரம் பத்தின் முப்பத்தொரு பேரும்
மூதூர், தோப்பூர், கட்டைபறிச்சான், சம்பூர் என்று
கையில் கிடைத்த போன்களுக்குள் இருந்தார்கள்.

முதல் கிழமை எனக்கு ஒன்றும் தெரியாது.
நாற்பது நிமிடப் பாடத்தை அப்படியே பிடித்து அனுப்பினேன்.
தலைப்பு: வட்டம்.
லோஜிதன் எழுதினான்:
"டீச்சர், இன்னும் சுத்துது."
நான் கீறிய வட்டத்தை ஒருவரும் பார்க்கவில்லை.
ஏறாமல் சுழன்ற அந்தச் சின்ன வட்டத்தைத்தான்
வகுப்பே பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு பழகினேன்.
பால்மா டின் இரண்டு,
மேலே குறுக்காக அடிமட்டம் இரண்டு,
அதன்மேல் போன், கண் கீழே பார்க்க.
கீழே கொப்பித்தாளும் என் கையும் மட்டும்.
முகம் தேவையில்லை, முகம் டேட்டா தின்னும்.
ஃபேனை நிறுத்து. ஒன்றரை நிமிடத்தில் ஒரு விஷயம் சொல்.
மூச்சு வாங்கு.
இன்னொன்றைச் சொல்லாதே.

கரண்ட் வெட்டும் அட்டவணைதான் நேரசூசி.
சம்பூருக்கு வெளிச்சம் இருக்கும்போது மூதூர் இருட்டு.
கிருசாந்தனின் போன் அப்பாவோடு கடலுக்குப் போகும்,
அவனுடைய வீட்டுவேலை விடியற்புறம் நாலரைக்கு
மீன்செதில் ஒட்டிய படமாக வரும்.
செதிலுக்கும் சரி போட்டேன் ஒருநாள், தசமப்புள்ளி என்று நினைத்து.

பட்டன் போன்காரர் ஒன்பது பேர்.
அவர்களுக்கு வினாத்தாளை மூதூர் பஸ் கொண்டக்டரிடம் கொடுத்துவிட்டேன்.
விடைக்கு மிஸ்ட் கோல்.
ஒன்று என்றால் ஒரு மணியில் வெட்டு,
இரண்டு என்றால் இரண்டில், மூன்று என்றால் மூன்றில்.
வரவு இலக்கப்படி, ஆறு மணியிலிருந்து, ஆளுக்கு இரண்டு நிமிடம்.
காசு செலவில்லை.
எனக்கு என் கெட்டித்தனத்தில் ஒரு பெருமையும் இருந்தது,
மறைப்பானேன்.

நுஸ்கியா நாலு மணி விட்டாள்.
கை தவறியிருக்கும் என்று விட்டேன்.
அடுத்த நாளும் நாலு.
சிக்னல், என்றேன்.
மூன்றாம் நாள்,
மையத்திலிருந்து நாணுக்குக் கீறிய செங்குத்து
நாணை என்ன செய்யும் என்ற வினாவுக்கும்
நாலு மணி. நிதானமாக.
ஒவ்வொன்றையும் எண்ணி விட்டதுபோல.

நான் கொடுத்த விடைகள் மூன்றுதான்.
சிவப்புப் பேனையோடு கொஞ்சநேரம் இருந்தேன்.
வெளியே ரோட்டில் மான் ஒன்று
ஆரோ எறிந்த காகிதத்தைச் சப்பிக்கொண்டு நின்றது.
அப்போதுதான் உறைத்தது:
அந்தப் பிள்ளை பிழையாக விடை சொல்லவில்லை.
நான் தாளில் வைக்காத விடையை
மூன்று நாளாகத் தந்துகொண்டிருக்கிறாள்.

அடுத்த தாளில் எல்லா வினாவின் கீழும் எழுதினேன்:
(4) விளங்கேல்ல.
வட்ஸ்அப் பிள்ளைகளுக்கும் அதையே அனுப்பினேன்.

அன்று மாலை முப்பத்தொரு பேரில்
பத்தொன்பது பேர் நாலு.
எப்போதும் முதல் ஆளாய்ச் சரி சொல்லும் லோஜிதனும் நாலு.
"விட்டம்" என்று அழகாய்ப் பாடமாக்கி ஒப்புவித்த யதுர்ஷிகாவும் நாலு.
எனக்கு வெட்கமாகவும் இருந்தது,
ஆரோ ஜன்னலைத் திறந்ததுபோலவும் இருந்தது.

டின்களை மறுபடி நிமிர்த்தினேன்.
கவராயத்தின் கூரைத் தாளில் ஊன்றி,
ஒன்றரை நிமிடம்,
மையம் என்றால் என்ன என்பதை மட்டும் சொன்னேன்.
நாணுக்கு வர ஐந்து நாள் பிடித்தது.

ஐந்தாம் நாள், ஆறு மணி இருபது.
நுஸ்கியாவின் நேரம்.
ஒரு மணி. இரண்டு.
வெட்டிவிட்டாள்.

பிழைதான். விடை மூன்று.
நான் அந்த இலக்கத்துக்குத் திருப்பி எடுத்து
ஒரு மணி விட்டு வெட்டினேன்.
அதற்கு என்ன பொருள் என்று
நாங்கள் இன்னும் பேசி வைக்கவில்லை.