தலை இல்லாத சரக்கு

தடைக்காலத்தின் இருபத்தாறாம் நாள்.
விசைப்படகெல்லாம் கரையேறி
வண்ணம் பூசிக்கொண்டிருந்தன.
என் கூடையிலும் சரக்கில்லை.
அப்போதுதான் ஆள் அனுப்பினார் ரெய்மண்ட் சார்:
‘மியூசியத்து மீனுக்கு வண்டு விழுந்துவிட்டது,
வனமயில் வந்து பார்க்கணும்.’

நாகையில் அப்படி ஒரு மியூசியம் இருப்பதே
அன்றைக்குத்தான் தெரியும்.
பழைய கிட்டங்கி, ஒற்றை அறை,
நுழைவுச்சீட்டு பத்து ரூபாய்.
உனக்கு வேண்டாம் என்றார்.
கொடுத்துவிட்டே நுழைந்தேன்.
கூலி பேசும்போது
அந்தப் பத்து ரூபாய் எனக்காகப் பேசும்.

கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது,
கவிழ்த்த முறம்போல் முக்கோணமாய், வெளிறி.
போர்ச்சுகலிலிருந்து கூரியரில் வந்ததாம்.
பெயர் பக்கல்யாவ்.
எந்தப் பக்கல், என்ன யாவ்?
தலை எங்கே என்று கேட்டேன்.
அங்கேயே வெட்டிவிடுவார்களாம்.
கண்ணைப் பார்க்காமல், செவுளைத் தூக்காமல்
எதை வைத்து விலை சொல்வது?
இப்படி ஒன்றை எங்கள் ஏலத்தில் போட்டால்
நாய்கூட முகராது.

‘ஏலமே அவங்க சொல்லுதாம்மா’ என்று
சுவரைக் காட்டினார்.
பலகையில் வரிசையாய்
சாவி, ஜன்னல், மேசை, பீப்பாய்.
கடைசியில் ஏலம்.
விடிகாலை மூன்று மணிக்கு
அக்கரைப்பேட்டையில் என் தொண்டையைக் கிழிக்கிற சொல்
அங்கே சட்டம் போட்டுக்கொண்டு
சும்மா நின்றது.
இருக்கட்டும்.
கொண்டுவந்தவன் திரும்பக் கொண்டுபோகவில்லையே.

அடுத்த சுவரில் படங்கள்.
பனிமூட்டத்தில் பொட்டளவு தோணி,
அதில் ஒரே ஆள், கையில் ஒரே கயிறு.
பொழுது சாய்ந்தால் தாய்க்கப்பல் மணியடித்துக் கூப்பிடுமாம்.
சில நாள் மணி கேட்காதாம்.
அந்தப் படத்தின் முன்
நான் அதிகநேரம் நிற்கவில்லை.

பக்கத்தில் ஒரு பெண்.
கறுப்புத் துணியைத் தலையில் கட்டி,
முன்னால் பரண் பரணாய் மீன் காய,
அண்ணாந்து நிற்கிறாள்.
கீழே எழுதியிருந்ததை அவரே வாசித்தார்:
‘கடல் சென்ற கணவனுக்காகக் காத்திருக்கும் மனைவி.’
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
புருசனைத் தேடுகிறவள்
வானத்தையா சார் பார்ப்பாள்?
மேகம் பார்க்கிறாள்.
அரைமணியில் மழை வரப்போகிறது.
அக்குளில் சுருட்டி இடுக்கியிருக்கும் படுதாவைப்
படம் எடுத்தவனும் பார்க்கவில்லை,
எழுதியவனும் பார்க்கவில்லை.

பெட்டியைத் திறக்கச் சொன்னேன்.
அவங்க சாவி கிடைக்கக் கால்மணி ஆனது.
மோந்ததுமே தெரிந்தது, உப்பு போதவில்லை.
அந்த ஊர்க் குளிருக்கு அது போதும்.
நம்ம கடற்காற்றின் கசகசப்புக்கு
வேதாரண்யத்துக் கல்லுப்பு இரண்டு கிலோ கேட்கும்.
வண்டை உதறி, துணியால் துடைத்து,
மடிப்பு மடிப்பாய்ப் பிரித்துத் தேய்த்து
மொட்டைமாடியில் பழைய வலைமேல் போட்டேன்.
கம்போடு நானே உட்கார்ந்தேன்.
காக்கைகள் வந்தன.
வெளிநாட்டுச் சரக்கு என்று
அவை கூச்சப்படவில்லை.

மூன்றேகாலுக்குத் தெற்கே கறுத்தது.
எழுந்து அண்ணாந்தேன்.
கீழே வாசலில், டிக்கெட் வாங்கிய ஒரு பையன்
போனை உயர்த்தி என்னைப் படம் எடுத்தான்.
‘மேகம்னு எழுதுப்பா’ என்று கத்தினேன்.
கேட்டதோ என்னவோ.
அதற்குள் முதல் துளி கையில் விழ
படுதாவை இழுத்து மூடினேன்.

கூலி முன்னூற்றுப் பத்து.
பத்து எதற்கென்று
ரெய்மண்ட் சார் கேட்கவில்லை.