சாய்கோடு

ப்ர்னோவில் பனி ஈரமாகப் பெய்கிறது.
ட்ராம் கொட்டகைக்கு எதிரே மூன்றாம் மாடியில்
ரதோவானும் நானும்
ஒரு சாய்கோட்டுக்காகச் சண்டை பிடிக்கிறோம்.

எழுத்துகளைத் தட்டினால்
ஐந்து கோடுகளும் தலைகளும் வால்களும்
தாளில் வந்து இறங்கும். அதுதான் எங்கள் மென்பொருள்.
ஆனால் வளைவைத் திறக்கும் அடைப்பு
சுரத்துக்குப் பின்னால்,
மும்மையைத் திறப்பது முன்னால்,
'உரக்க' பின்னால்,
'விரைவாக' முன்னால்.
எட்டு வருடமாக எட்டுப் பேர்
ஒரே குழம்பில்
அவரவர் உப்பைப் போட்டிருக்கிறோம்.

ரதோவான் பலகையில் எழுதினான்:
முதலில் சுரம். பிறகே அதற்குச் செய்வது,
பெயருக்குப் பின்னால் உருபு ஒட்டுகிற மாதிரி.
கட்டளை என்றால் அதன் தலையில்
இடப்பக்கம் சாய்ந்த கோடு.
விதிவிலக்கு இல்லை.
'இல்லை'க்கு அடியில் இரண்டு கோடு.
நான் கைதட்டாத குறை.

அன்று மாலை ஒரு கடிதம்,
ஸ்னோய்மோ பக்கத்துத் தேவாலயத்தில்
ஆர்கன் வாசிக்கும் ஸ்திஸ்லாவாவிடமிருந்து:

'வாசற்படியில் வழுக்கி வலது மணிக்கட்டு ஒடிந்தது.
ஈஸ்டருக்குள் நாற்பது பக்கம், இடக்கையால்.
நம் விசைப்பலகையில் உங்கள் சாய்கோட்டுக்குச்
சுண்டுவிரல் க்யூவில்,
கட்டைவிரல் வலப்பக்க ஆல்ட்டில்.
அளந்து பார்த்தேன்:
ஒரு சாவிலிருந்து மேல் சா வரை.
பக்கத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு முறை எட்டுகிறேன்.
பின்குறிப்பு: மௌனத்துக்கு எதற்கு மூன்று பெயர்?
எங்கள் பங்கில் ஒன்றுதான்.
அதற்குள்ளும் யாராவது இருமிவிடுகிறார்கள்.'

ரதோவான் எதுவும் பேசவில்லை.
வலது கையைப் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.
நாலாவது அளவில்
கெட்ட வார்த்தை ஒன்று சொன்னான்,
பதினாறாவதில் எழுந்து
கையை உதறினான்.

இரவெல்லாம் வேலையில்லாத குறி தேடினோம்.
புள்ளி, சுரத்தை நீட்டிக்கொண்டிருந்தது.
கமா, ஒரு ஸ்தாயி இறக்கிக்கொண்டிருந்தது.
நட்சத்திரம், பெருக்கலில் மும்முரம்.
எஸ்கேப்புக்குக் கீழே இடது மூலையில்
சும்மா உட்கார்ந்திருந்தது அரைப்புள்ளி.

'ஜெர்மன் பலகையில் அது வேறிடம்' என்றான்.
'அங்கே சாய்கோடே இருக்கட்டும்' என்றேன்.
'அப்போது விதி?'
'விதி, கட்டளைக்குத் தலை இருக்க வேண்டும் என்பது.
என்ன தொப்பி என்பது அல்ல.'

ஒத்துக்கொள்ளவில்லை.
ஆனாலும் பலகைக்குப் போய்
'இல்லை'க்கு அடியில் இருந்த
இரண்டு கோட்டில் ஒன்றை அழித்தான்.

ஸ்திஸ்லாவா பதில் போட்டிருக்கிறாள்:
'வியாழக்கிழமை கட்டுப் பிரித்தாயிற்று.
அரைப்புள்ளியை எடுத்துவிடாதீர்கள்,
பழகிவிட்டது.'

மௌனத்தின் மூன்று பெயர்கள்
இன்னும் பட்டியலில் இருக்கின்றன,
நானூற்றுப் பதினேழாவது வரியில்.
யாரும் அதைத் திறப்பதில்லை.