ஒன்றேகால் நொடி

சோஹார் துறைமுகத்துக்குப் பின்னால்
உருக்காலைப் புகைபோக்கி
மணிக்கு நூறு டன் கரியமிலவாயுவை விடுகிறது.
கண்ணுக்குத் தெரியாது.
கணக்கில் மட்டும் தெரியும்.

அதில் ஓர் இழையைக் கிள்ளி
குழாயில் இறக்கி, குளிரவைத்து
நாலாம் குளத்தின் அடியில் விடுகிறோம்.
பகல் முழுக்க
சோடா புட்டி திறக்கும் சத்தம்.

குளம் என்றால் குளமில்லை.
நீள்வட்டத் தொட்டி, முழங்கால் நனையாத ஆழம்.
துடுப்புச் சக்கரம் சலிக்காமல் தள்ள
கடல்நீர் தன்னைத்தானே துரத்திக்கொண்டு ஓடும்.
அதில் பாசி.
குளியலறையில் வழுக்கினால் பிளீச்சிங் பவுடர் போடுவோமே,
அதற்குத் தூரத்துச் சொந்தம்.
இங்கே அதற்கு வேளாவேளைக்கு உரம்,
ஒரு வெப்பமானி,
இரவுக் காவலுக்கு நான்.

முதல் ரகம் குளிர்நாட்டிலிருந்து
பனிக்கட்டிக்கு நடுவே குடுவையில் வந்தது.
என் விசாவைவிட அதற்கு முத்திரைகள் அதிகம்.
ஜூலை வரை நல்ல பச்சை.
ஆகஸ்டில் தண்ணீர் நாற்பத்தொன்றைத் தொட்டது.
விடிந்து பார்த்தால் தேநீர் நிறம்,
மேலே நுரை,
மீன்சந்தை மூடியபின் எழும் வாடை.
ரெஜாவுல் மூக்கைப் பொத்திக்கொண்டு வால்வைத் திறந்தான்.
பதினேழு நாள் வேலை வடிந்து போனது.
'வளர்ச்சி: இல்லை' என்று எழுதினேன்.
அந்தக் கட்டத்தில் வேறு எதற்கும் இடமில்லை.

பொறியாளர் ஷம்சா யாரையும் திட்டவில்லை.
உப்புநீக்கு ஆலையின் கழிவு வாய்க்கால் ஓரம்
உப்பு பூத்த கல்லில்
துருவும் பச்சையுமாய் ஒட்டியிருந்ததை
சோற்றுக் கரண்டியால் சுரண்டி
தயிர் டப்பாவில் கொண்டுவந்தாள்.
"இதற்கு இதுவரை யாரும் ஏசி போட்டதில்லை, பார்."

சோதனைக்குழாய். குடுவை.
இருபது லிட்டர் கேன்.
நவம்பரில் ஆரம்பித்து
மறு ஜூனில்தான் குளத்துக்கு இறங்கியது.

ஓயாமல் ஊட்டினால் தண்ணீர் புளித்துவிடும்,
பசித்த பிறகே பரிமாற வேண்டும்.
அமிலமானி எட்டைத் தாண்டினால் வாயு திறக்கும்,
ஏழரைக்கு இறங்கினால் மூடும்.
(ஏழரை யாருக்குத்தான் ஆகும்?)

இரவில் அதுவும் நம்மைப்போல;
பகலில் தின்றதில் ஒரு பங்கை
மூச்சாய் வெளியே விட்டுவிடும்.
அதனால் பொழுது சாயுமுன் கொஞ்சம் அள்ளிவிடலாமே
என்றொரு யோசனை.
யாருடையது என்று கூட்டத்தில் கேட்டார்கள்.
ரெஜாவுல் தரையைப் பார்த்தான்.
நான் பெயரைச் சொன்னேன்.
எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னார்கள்.

இந்த ஆகஸ்டில் குளம் சாகவில்லை.
முன்பு ஒரு நாள் முழுக்க அது தின்றது
புகைபோக்கியின் ஒரு நொடி.
இப்போது ஒன்றேகால்.

மஸ்கட்டிலிருந்து விருந்தினர் வந்தார்கள்.
பச்சைக் குளத்தருகே படம் எடுத்துக்கொண்டார்கள்.
புகை முழுவதையும் தின்ன எத்தனை குளம் வேண்டும்
என்று ஒருவர் கேட்டார்.
ஷம்சா மழுப்பாமல் சொன்னாள்:
அறுபத்தொன்பதாயிரத்துச் சொச்சம்.
பிறகு பேரீச்சம்பழத் தட்டு சுற்றி வந்தது.

கால் நொடி.
ஒரு கண்ணிமைப்பு, அவ்வளவே.
அதற்கா இத்தனை அறிக்கை என்று
இரவு மூன்று மணிக்கு,
வாயு மூடிய குளத்தருகே நின்று
வேறு வழியில் போட்டுப் பார்த்தேன்.
ஓர் ஆள் ஒரு நாளைக்கு விடும் மூச்சில்
ஏறக்குறைய ஒரு கிலோ.
போன வருஷக் குளம்
இருபத்தெட்டுப் பேரின் மூச்சைத் தின்றது.
இந்த வருஷம் முப்பத்தைந்து.

எங்கள் கொட்டகையில் முப்பத்தைந்து கட்டில்.

ஆக, கூடுதலாய் ஏழு பேர்:
ரெஜாவுல்,
வெல்டர் அய்யம்பெருமாள்,
தாபா சகோதரர்கள் இருவர்,
கிரேன் ஓட்டும் ஜெஸ்டின்,
நான்,
அப்புறம் கதவோரக் கட்டிலில்
கட்டடமே அதிரக் குறட்டை விடும் கொத்தனார்.

அவர் பெயர் கேட்டதில்லை.
ஷிப்டு முடிந்ததும் கேட்க வேண்டும்.