இரண்டாயிரத்து எண்ணூறு சுற்று

ஹபிபுல்லா பாய்,
கிழங்கு மண்டிக்குப் பின்னால்
கருகிய மோட்டார்களுக்கு நடுவில் உட்கார்ந்து
நீங்கள் சுற்றித் தந்த டிரான்ஸ்பார்மர்
கோத்தகிரி வந்து சேர்ந்தது.
பஸ்ஸில் மடியிலேயே வைத்திருந்தேன்.
வளைவுக்கு வளைவு என்னையும் இழுத்துக்கொண்டு சாய்ந்தது.
பக்கத்து சீட்டுக்காரி, "எடைக்கல்லுங்களா?" என்றாள்.
ஆமாம் என்றுவிட்டேன்.

உள்சுற்று இரண்டாயிரத்து எண்ணூறு,
வெளிச்சுற்று நூற்றுப் பன்னிரண்டு.
"எந்தப் பம்புக்கும்மா இது?" என்று கேட்டீர்கள்.
கிடாருக்கு என்றேன்.
நீங்கள் சிரிக்கவில்லை,
கம்பியின் கேஜை மட்டும் அட்டையில் குறித்துக்கொண்டீர்கள்.
நடுவில் யாரோ தண்ணி மோட்டாரைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வர,
எண்ணிக்கை ஆயிரத்து நானூற்று அறுபதா எழுபதா என்று
தவறிப்போனதையும் மறைக்கவில்லை.
"பத்து சுத்து சேத்தே போட்டுட்டேன்.
கொறஞ்சாத்தான் தப்பு."

நான் தேயிலை ஆலையில் பச்சை இலைக் கணக்கு எழுதுகிறவள்.
அப்படியொரு வரியை என் பேரேட்டில் எழுதினால்
அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அடித்தட்டு, பேக்கரியில் கழித்த வர்க்கித் தட்டு.
எத்தனை தேய்த்தும்
வால்வு சூடேறினால் டால்டா மணக்கிறது.
பெட்டி சில்வர் ஓக்.
ஜன்னலைச் சாத்தினால் ஈயப்புகை இருமல்,
திறந்தால் மேகம் உள்ளே வந்து
பலகையில் ஈரமாக உட்கார்ந்துகொள்கிறது.
பாதி திறந்து வைத்தேன், இரண்டும் இருந்தன.

முந்நூறு வோல்ட்.
அணைத்த பிறகும் கெப்பாசிட்டருக்குள் காத்திருக்கும்.
ஒரு கை வேலை செய்யும்போது
மறு கை பையில் இருக்கவேண்டும் என்பது விதி.
சுடிதாரில் பை கிடையாது.
ஸ்வெட்டர் பையில் விட்டுக்கொண்டேன்.
பார்க்கிறவர்கள் குளிர் என்று நினைத்திருப்பார்கள்.

முதல் தடவை போட்டபோது
வால்வுகள் மெல்லச் சிவந்தன.
அவ்வளவுதான் பாய்,
ஒரு ஊளை.
கிடாரை நான் தொடவே இல்லை.
பள்ளத்து வீட்டு நாய்கள் எல்லாம் எழுந்தன.
கீழ்த் தோட்டத்தில் மேய்ந்த காட்டுமாடுகள்
தலையை நிமிர்த்தின,
பார்த்தன,
மறுபடி குனிந்துகொண்டன.
பெள்ளி அண்ணன் டார்ச்சோடு ஓடிவந்தார்.
"மாடு வெரட்டுற மிஷினா?
எனக்கொண்ணு வேணும், என்ன வெல?"

மூன்று ராத்திரி
உங்கள் அந்தப் பத்துச் சுற்றைத்தான் திட்டினேன்.
உருவி எடுக்கலாமா என்றுகூட.

நான்காம் ராத்திரி படத்தை மறுபடி விரித்துப் பார்த்தேன்.
சுற்று எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது?
இரண்டு நுனியும் ஒரே செம்பு, ஒரே நீளம்.
அப்போதுதான் ஞாபகம் வந்தது.
ஒரு நுனியில் நீங்கள்
வெள்ளை நூலால் முடிச்சுப் போட்டிருந்தீர்கள்.
இதுதான் ஆரம்பம் என்று.
பிசிறு என்று நினைத்து
நறுக்கிப் போட்டவள் நான்.

இரண்டு ஒயரை மாற்றிப் பற்றவைக்க
நாலு நிமிஷம்.

திருப்பூர் போன ஜெபசிங்
கடனுக்கு ஈடாக விட்டுப்போன கிடார்.
எனக்கு மூன்று கார்டுதான் தெரியும்.
அதில் ஒன்று சரியா என்று சந்தேகம்.
தடித்த கம்பியை மட்டும் ஒருமுறை விரலால் இழுத்தேன்.
தட்டு அதிர்ந்தது, டம்ளர் அதிர்ந்தது,
நெஞ்செலும்பில் எதுவோ வந்து
கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போனது.
உங்கள் பத்துச் சுற்று அதற்குள் எங்கே இருக்கிறது
என்று தேடினேன். தெரியவில்லை.

இன்னொன்று சொல்லவேண்டும்.
ஒன்பது மணிக்கு ஆலையில் ரோலர் ஓடத் தொடங்கும்.
எங்களுக்கும் ஆலைக்கும் ஒரே லைன்.
கரண்ட் அமுங்கும், வால்வு மங்கும்,
அடித்த சுரம் சற்றே தொய்ந்து
ஈரத்துணி மாதிரி கொடியில் தொங்கும்.
எனக்கு அந்தத் தொய்வுதான் பிடித்திருக்கிறது.

இன்று இலை வரத்து எட்டாயிரத்து நானூறு கிலோ.
என் கையெழுத்துத்தான்.
ராத்திரி இரண்டு மணிவரை ரோலர் நிற்காது.