கிணறு எண் 41

அறுபத்து மூன்று கிணறுகளில்
அறுபத்திரண்டு உப்பு.
ஆம்பூருக்குக் கிழக்கே, பாலாற்றின் தென்கரையில்
சீசா சீசாவாக மொண்டு, சீட்டு ஒட்டி,
காட்பாடி பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோனேன்.
நாற்பத்தொன்று மட்டும்
இளநீர் மாதிரி இருந்தது.

"விலகல். தூக்கிடு" என்றார் நெறியாளர்.
"ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம், சரி.
அதுக்காகக் கல்லை எடுத்து
வெந்துச்சான்னு பாப்பாங்களா?"

கல்லை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன்.

"கேஸ் ஸ்டடிங்க" என்றேன்.
முனிரத்தினம் சைக்கிளைச் சுவரில் சாய்த்தார்.
"கேஸா? எம்மேலயா? இன்னா செஞ்சேன்?"
எங்கள் பக்கம் கேஸ் என்றால் சத்துவாச்சாரி கோர்ட்டு,
இல்லாவிட்டால் ஸ்ட்ரெச்சர்.
"உங்க கிணத்தை மட்டும் கொஞ்ச நாள்
கூடவே இருந்து பாக்கணும்ணே."
"கெணறு எங்க ஓடிடப்போவுது" என்றார்.
சிரிக்கவில்லை.

பதினோரு நாள்.
கயிற்றின் நீளம், படிக்கட்டுப் பாசி,
அடிப்பாறை எந்தப் பக்கம் சாய்கிறது,
தோல் ஷாப்புத் தண்ணீர் எந்த வாய்க்காலில் எப்போது.
நோட்டில் மூன்று கருதுகோள்கள்.
மூன்றும் அழகாக இருந்தன.

பன்னிரண்டாம் நாள் ராத்திரி இரண்டரைக்கு
விளக்கணைத்த டேங்கர் ஒன்று
பின்பக்கமாகவே வந்து நின்றது.
சாயங்காலம் மோட்டார் போட்டுக்
கிணற்றை வற்ற வைத்தது எதற்கென்று
அப்போதுதான் புரிந்தது.
விழும் சத்தம் கேட்காமலிருக்க
குழாயின் வாயில் பழைய கைலியைச் சுற்றிப் பிடித்திருந்தார்.

"பொண்ணு பாக்க வரவங்க
மொதல்ல ஒரு சொம்பு தண்ணிதான் கேக்குறாங்க.
வாயில ஊத்தினதும் எழுந்துடுறாங்க.
ரெண்டு தபா ஆயிடுச்சி."
குழாயைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்:
"இத்தயும் எழுதுவியா?"

உப்பு எவ்வளவு என்று
அறுபத்திரண்டு கிணறுகள் சொல்லிவிட்டன.
உப்பு என்ன செய்யும் என்பதை
இந்த ஒரு தித்திப்பிடம்தான் கேட்க முடிந்தது.

எழுதினேன்.
பெயரை மாற்றினேன். முனிரத்தினம் அந்த மாற்றிய பெயர்தான்.
கிழக்கே என்றேனே, மேற்காகவும் இருக்கலாம்.
மகளை மகனாக்கிப் பார்த்தேன்,
கதையே நிற்கவில்லை. விட்டுவிட்டேன்.
அட்டவணையில் நாற்பத்தொன்றுக்கு நேரே
எண் இல்லை, ஒரு நட்சத்திரக் குறி.
அடிக்குறிப்பு பதினாறு பக்கம் ஓடியது.
"இதை வெச்சு எதை நிரூபிப்பே?" என்று
பென்சிலில் எழுதித் திருப்பி அனுப்பினார் நெறியாளர்.

ஆவணியில் மஞ்சள் தடவிய பத்திரிகை வந்தது.
போனேன்.
பந்தியில் டம்ளர் நிறைய ஊற்றிவிட்டு
அடுத்த இலைக்குப் போகாமல்
அங்கேயே நின்றார் அவர்.