எட்டு நொடிக்கு மேல்

புளியரை சோதனைச் சாவடிக்குக் கீழே
வயலும் ரயில்பாதையும் முட்டிக்கொள்ளும் இடத்தில்
ஆனி மாதத்து இரவொன்றில்
மைக்கை ஒரு குடைக்கம்பியில் கட்டி நட்டேன்.
சாரல் படாமலிருக்க அதன் தலைக்கு
மகனின் ஒற்றைக் காலுறை.

முதல் நாற்பது நிமிடம் லாரிதான்.
மலையாளக் கரைக்குப் போகும் வைக்கோல், முட்டை, எம்-சாண்ட்.
எடைமேடையின் இரும்புத் தகடு
ஒவ்வொரு அச்சுக்கும் ஒருதரம்
டொம் என்றது.
அதை வைத்துக்கொண்டேன்.
ரிவர்ஸ் எடுக்கும் வண்டி பாடுகிற அந்த ஒரே மெட்டை
என்ன செய்தும் கழுவ முடியவில்லை.
அதுவும் கிடக்கட்டும்.

பிறகு தவளைகள்.
ஒன்று கேட்கும், மூன்று மறுக்கும்,
தூரத்தில் ஒன்று
எல்லாவற்றுக்கும் ஆமாம் போடும்.
இரண்டு மணி பதினேழுக்கு
அத்தனையும் ஒருசேர நின்றன.
யானையா, சாரைப்பாம்பா,
கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு
வரப்பில் நடந்து வந்தவனா, தெரியாது.
பதினொரு நொடி.
அப்புறம் ஒன்றே ஒன்று
தொண்டையைச் சரிசெய்துகொண்டது.

மீதிப் பதினாறு நிமிடத்தையும்
அந்தப் பதினொரு நொடிக்காகத்தான் செய்தேன்.

ஆரியங்காவு இஞ்ஞாசி கொடுத்த இசைப்பெட்டி
கையால் சுற்றுவது.
முப்பது எஃகுப் பற்கள்.
காகிதப் பட்டையில் துளை வந்தால் மட்டும் வாய் திறக்கும்.
கொட்டாரக்கரை டிப்போவில் ஓய்வுபெற்ற
கண்டக்டர் ஒருவரின் டிக்கெட் துளைப்பானை
இருநூறு ரூபாய்க்கு வாங்கினேன்.
கேட்டதற்கு ஒரு துளை
மறுத்ததற்கு மூன்று
ஆமாம் போட்டதற்கு, ஓரமாக, கடைசிக் கோட்டில்.
நாலேகால் மீட்டர் பட்டை.
நடுவே ஒரு முழம் வெறுங்காகிதம்.
அந்த முழத்தில் எதையாவது துளைத்துவிடுவேனோ என்று
இரண்டு ராத்திரி துளைப்பானை
அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டுப் படுத்தேன்.

நிலையத்திலிருந்து மைதீன்பிச்சை கூப்பிட்டார்.
"எல்லாம் நல்லாத்தான் இருக்கு மேடம்.
நடுவுல என்ன, சத்தத்தையே காணோம்?"
அதுதான் சார், என்றேன்.
"எட்டு நொடிக்கு மேல சும்மா கிடந்தா
இங்க ஒரு மெஷின் இருக்கு.
நிலையம் மண்டையப் போட்டுட்டுன்னு நெனச்சு
அதுவா நாதஸ்வரம் போட்டுரும்."
சண்டை போட்டேன்.
என்கிட்ட போடுதீங்க, அதுகிட்ட யாரு போட, என்றார்.

ஆடி முழுக்கப் பட்டை பெட்டிக்குள் கிடந்தது.
எடுத்துப் பார்த்தால்
ராமபாணப் பூச்சி.
வேறெங்கும் வாய் வைக்கவில்லை.
வெறும் முழத்தின் நடுவில், பன்னிரண்டாம் கோட்டை ஒட்டி,
கடுகளவு தின்றிருந்தது.
சுற்றினேன்.
ஆறாவது நொடியில் டிங்.
துளை வட்டமில்லை, அதனால் கொஞ்சம் பிந்தி,
பல் தயங்கிய மாதிரி.
எனக்குப் பிடிக்கவில்லை.
செலோடேப் ஒட்டி அடைத்தேன்.
மறுநாள் பிரித்தேன்.
இப்போதும் பிடித்திருக்கிறதா என்று கேட்டால்
பேச்சை மாற்றுவேன்.

புரட்டாசியில் ஒரு செவ்வாய், இரவு பத்தரைக்கு ஒலிபரப்பு.
சொல்லிவைத்தாற்போல் கரண்ட் இல்லை.
சாவடியில் வரிசை நின்ற தேங்காய் லாரி ஒன்றின்
கேபினுக்குள் ஏறிக் கேட்டேன்.
டிரைவர் பீடியைக் கீழே பிடித்துக்கொண்டு
மரியாதையாகக் கேட்டார், தவளை வரைக்கும்.
தவளை நின்றதும் ரேடியோவைத் தட்டினார்.
"சிக்னல் போயிட்டா?"
டிங்.
"இல்ல, கிடக்கு," என்றார், அவரே.

சன்மானம் ஆயிரத்து நூறு. அதற்கொரு படிவம்.
பெயர்: குழல்வாய்மொழி.
(பெயரா கருவியா என்று
சென்னைக் கணக்குப் பிரிவு பென்சிலில் கேட்டிருந்தது.)
உடன் பங்கேற்ற கலைஞர்கள்:
எழுதினேன், அடித்தேன்,
கையெழுத்து வாங்கித் தரவேண்டும் என்று
அடியில் பொடி எழுத்தில் இருந்ததைப் பார்த்துவிட்டு
அந்தக் கட்டத்தை அப்படியே விட்டுவிட்டேன்.

மூன்றாம் வாரம் படிவம் திரும்பி வந்தது.
சிவப்பு மையில் ஒரே வரி:
எந்தக் கட்டத்தையும் காலியாக விடக்கூடாது.