இருட்டில் ஒரே நிறம்

முதலில் மூக்கு நுனி.
அடுப்புக் கரி என்று நினைத்து
ஈரத் துணியால் துடைத்தேன்.
"தோலை உரிக்காதே, முஸெய்யன்" என்றார் ருஸ்தெம்.
போகவில்லை.

மூன்று வருடமாய்
இரவு ரொட்டிக்குப் பின் ஒரு மாத்திரை, அமியோடரோன்.
தறிகெட்டு ஓடிய இதயத்தைப் பிடித்து
வரிசையில் நிறுத்தியது அதுதான்.
நன்றி மறக்கவில்லை நான்.
ஆனால் வாடகையைத் தோலில் வசூலிக்கிறது.

அடுத்த வேனிலில் கன்னம்,
அப்புறம் காது மடல்.
சாம்பலா நீலமா என்று
கோசானில் எங்கள் தெருவே வழக்காடியது.
டீக்கடையில் ஷாக்கிர் சொன்னானாம்:
"ருஸ்தெம் வீட்டு வாசலில் இனி
கண்ணேறு மணி எதற்கு,
அவரையே நிறுத்தினால் போதும்."
இவரும் சிரித்திருக்கிறார்.
வீட்டுக்கு வந்து
கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பினார்.

மருந்துக்கடை நெர்மின் வெயிலைத் தடை செய்தாள்.
ஜன்னல் கண்ணாடி வழியாய் வருவதும்
வெயில்தான் என்றாள்.
துத்தநாகக் களிம்பு கொடுத்தாள்.
எங்கள் மரங்களுக்கு இடுப்புவரை சுண்ணாம்பு,
இவருக்குக் கழுத்துக்கு மேலே.

பிறகு இரத்தம்.
அமியோடரோன் பக்கத்தில் இருந்தால்
வார்ஃபரினுக்குக் குரல் கூடிவிடும்.
ஐந்து மில்லிகிராம் மூன்றானது,
மூன்று இரண்டரை.
அதற்குள் கூடை விளிம்பு உரசியதற்கே
முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை
கத்தரிக்காய் நிறம்.
"நீலத்துக்குத் துணை வந்திருக்கிறது" என்றார்.

இதெல்லாம் பொறுத்தார்.
நெர்மின் அட்டையைப் புரட்டி, தயங்கி,
எங்கள் முகம் பார்க்காமல் சொன்னாள்:
கிரேப்ஃப்ரூட் கூடாது.

நானூறு மரம்.
அவர் கையால் ஒட்டுக்கட்டியவை.
அறுவடையின் முதல் பழத்தை
மரத்தடியில் நின்றபடியே
தாடியில் சாறு வழியத் தின்பவர்.
குடலில் ஒரு காவலாளி உண்டாம்,
மருந்தில் ஒரு பங்கை அரைத்துத் தள்ளுபவன்.
இந்தப் பழம் அவனைத் தூங்கவைத்துவிடும்.
அப்போது ஒரு மாத்திரை
ஒரு மாத்திரையாய் நிற்காது.
"என் பழமா?" என்று கேட்டார்,
மகன் திருடிவிட்டான் என்று கேள்விப்பட்டவர்போல.

வெயிலுக்கு ஒளிந்தவர்
நெற்றியில் விளக்குக் கட்டி
இரவில் தோட்டம் போனார்.
நல்லதுதானே என்றிருந்தேன்.

ஜனவரியில் ஒரு விடியல்
டிராக்டர் சக்கரத்தில் சாய்ந்து கிடந்தார்.
நாடி முப்பத்தெட்டு.
அவசரப் பிரிவில் மீசை முளைக்காத டாக்டர்
என்ன சாப்பிட்டார் என்று கேட்டான்.
"ரொட்டி. வேறென்ன."
அவர் கையை எடுத்து முகர்ந்தேன்.
நகத்தடியில் தோலெண்ணெய்,
கசப்பும் பூவும் கலந்த வாசம்.
கை பொய் சொல்லாது.
எத்தனை என்றேன்.
"இந்த வாரம் முழுக்க."
கொஞ்ச நேரம் கழித்து,
"இருட்டில் நானும் பழமும் ஒரே நிறம்."

மருந்தை மாற்றிவிட்டார்கள்.
பழையது உடம்பின் கொழுப்பில் உட்கார்ந்திருக்கிறது,
போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டு
இன்னும் செருப்புத் தேடும் விருந்தாளி.
கிளம்ப மாதக்கணக்காகும்.
நீலம் வெளுக்கலாம்,
வெளுக்காமலும் போகலாம்.

இன்று லாரி வந்தது. முந்நூறு பெட்டி.
ஒரு பழத்தை நறுக்கி, உப்புத் தூவி,
அவர் எதிரே உட்கார்ந்து தின்றேன்.
கொடுமைதான். அவரே கேட்டார்.

"கசக்குதா?"
"கொஞ்சம்."
"எந்த மரம்?"
கால்வாய் ஓரத்து மூன்றாவது என்றேன்.
கண்ணை மூடிக்கொண்டார்.
"அதற்குத் தண்ணீர் போதவில்லை.
நாளைக்கு, பொழுது சாய்ந்ததும்,
நீயும் வா."